வலிக்காத பல்

அப்புசாமிக்குத் தாடையில் ஒரு புண் இருந்தது. சுண்டைக்காய் அளவுதான், ஆனால் அது அவரை ஆட்டிவைத்த ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. சில நாள் காய்ந்து கிடக்கும். ஆறிவிட்டது என்று மனிதர் மீசையை முறுக்குவார். மறுநாளே சீழ் கசியும். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் விற்ற களிம்பு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பொள்ளாச்சிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார், வேப்பிலை அரைத்துப் பூசினார், மாரியம்மனுக்கு முடி கொடுத்தார். போன இடத்துக்கெல்லாம் புண்ணும் கூடவே போய்த் திரும்பி வந்தது.

புண்ணைக் கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அதனால் வந்த வினையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. கொல்லங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை மருதாத்தாளுக்கு ஒரே மகள். செத்துப்போன தங்கள் அம்மாவின் பெயரையே அதற்கு வைத்திருந்தார்கள்: பூவாத்தாள். அந்தக் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தபோது, தாய்மாமன் மடிதானே என்று அப்புசாமி கம்மலோடு போய் இறங்கினார். மருதாத்தாளின் மாமியார் முத்தாத்தாள், கெட்ட மனசுக்காரி இல்லை, ஆனால் வாய் அடங்காதவள். சொந்தபந்தம் எல்லாம் கூடியிருக்க அவள் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, அது ஒட்டுவாரொட்டியா இருந்துதுன்னா கொழந்தைக்கு ஆகுமுங்களா?"

கூட்டத்தில் யாரோ பெருநோய் என்று முணுமுணுத்தார்கள். அப்புசாமி தோள் துண்டை எடுத்துத் தாடையை மூடிக்கொண்டார். கம்மலைத் தங்கை கையில் கொடுத்து, பெரியப்பன் மகன் மடியில் வைத்துக் குத்திக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதோடு அந்தத் திசைக்கே போகவில்லை. தங்கை சொல்லியனுப்பிய போதெல்லாம் வாய்க்கால் வேலை, கதிரறுப்பு என்று சாக்குச் சொன்னார். கல்யாணம், கருமாதி எதற்கும் போவதில்லை. குழந்தை கம்மல் போட்டு எப்படியிருக்கிறாள் என்று, அங்கே போய்வரும் மனைவி கமலாத்தாளிடம் கூடக் கேட்டதில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்ற பயம் அவருக்கு.

எழுபத்து மூன்றாம் வருஷம் கமலாத்தாளுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. பக்கத்து ஊரான சித்தூரில் ஏசுரத்தினம் என்று ஒரு பல் டாக்டர் புதிதாக வந்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நோயாளியை உட்காரவைத்ததும் வாயைத் திறக்கச் சொல்லமாட்டார். என்ன சாப்பிடுகிறாய், தூக்கம் வருகிறதா, தாகம் அதிகமா, வெற்றிலை போடுவாயா என்று ஊர்க்கதையெல்லாம் கேட்பார். பல்லைப் பார்க்கப் போனால் சம்பந்தம் பேசுகிறவர் போல விசாரிக்கிறாரே என்று காத்திருந்தவர்கள் கேலி செய்தார்கள். டாக்டர் காதிலும் அது விழுந்தது.

"வாயி தனி, உடம்பு தனின்னு நெனச்சிட்டு வாராங்க" என்று சிரித்தார். "ரெண்டும் ஒரே ஆளுக்குள்ளதான இருக்கு."

கமலாத்தாளின் பல்லில் மருந்து வைத்து முடித்தார். பிறகு, மூலையில் துண்டால் தாடையை மறைத்துக்கொண்டு நின்ற அப்புசாமியைப் பார்த்தார். துண்டை எடுக்கச் சொன்னார். அப்புசாமிக்கு உடம்பு கூசியது. தயங்கித் தயங்கி எடுத்தார். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. புண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தாடையில் எப்போதாவது அடிபட்டதா என்று மட்டும் கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. யோசித்தபோதுதான் அப்புசாமிக்கு நினைவு வந்தது. இளவட்டமாக இருந்தபோது ஏர் அவிழ்க்கையில் மாடு தலையை உதற, நுகத்தடி எகிறித் தாடையில் மோதியது. பல் உடையவில்லை, ரெண்டு நாள் வலித்து அடங்கிவிட்டது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு விளங்கவில்லை.

டாக்டர் எதிர் சோடாக் கடையிலிருந்து ஐஸ் துண்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். அதைக் கீழ்ப்பற்களில் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒவ்வொன்றும் சுரீர் என்றது. முன்பல் ஒன்று மட்டும் கம்மென்று இருந்தது. மறுபடி தொட்டார். அப்போதும் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியில் காட்டினார். மற்றவற்றைவிட அது லேசாகப் பழுப்பாக இருந்தது. பிறகு ரப்பர் போல வளைகிற மெல்லிய குச்சியொன்றைப் புண்ணின் துளையில் நுழைத்தார். அது வலிக்காமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் உள்ளே வழி இருக்கிறதா என்று அப்புசாமி மிரண்டுபோனார். குச்சி அப்படியே இருக்க, வாய்க்குள் ஒரு சின்ன பிலிமை வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள்.

பிலிமைக் கழுவிக் காயவைத்து, டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அப்புசாமி தன் எலும்புக்குள்ளே தானே எட்டிப் பார்த்தார். வரிசையாகப் பற்களும் வேர்களும் தெரிந்தன. ஒரு வேரின் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. தாடைப் புண்ணில் நுழைந்த குச்சி வெள்ளைக் கோடாக ஏறிப்போய் நேராக அந்த வட்டத்தில் முட்டி நின்றது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் திரை விலகும்போது செய்வதுபோல, தன்னையறியாமல் கைகூப்பிவிட்டார்.

"அன்னைக்கு அடிபட்டதுல இந்தப் பல்லு செத்துப்போச்சு" என்றார் டாக்டர். "செத்ததுக்கு வலிக்காது. அதான் நீங்களும் கண்டுக்கல, பாத்தவங்களும் வாயத் தொறக்கச் சொல்லல. வேர்ல கட்டின சீழு எலும்பைத் துளைச்சு வழி தேடி, இங்க வந்து வாசல் வச்சிருக்கு. வாசலுக்கு மருந்து போட்டு என்ன செய்ய?"

அப்புசாமிக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்பியது. கமலாத்தாள் முழங்கையால் இடித்தாள்.

"டாக்டருங்க... இதோட நான் கொழந்தைய மடியில வெச்சுக்கலாமுங்களா?"

"இது ஒட்டுவாரொட்டி இல்லீங்க. கையக் கழுவிட்டுத் தாராளமாத் தூக்குங்க."

அப்புசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். டாக்டர் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அழுது முடித்த வேகத்தில் மனிதருக்கு ஆசை வந்துவிட்டது, தன் முழங்கால் வலியும் பல்லிலிருந்துதான் வருகிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் பல்லின் தலையில் கட்டக்கூடாது, அது வயசுக் கோளாறு என்று டாக்டர் சிரித்தார்.

பல்லைப் பிடுங்கவும் இல்லை. சில தடவை வரவைத்து வேரைக் குடைந்து சுத்தம் செய்து அடைத்தார். புண்ணில் ஒரு சொட்டு மருந்துகூட வைக்கவில்லை. அப்புசாமி தினமும் விடிந்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கசிவு நின்றது. துளை சுருங்கியது. ஒருநாள் விரலால் தடவினால் சின்னக் குழி மட்டும் தட்டுப்பட்டது. ஊரெல்லாம் சுற்றி, அம்மனிடமும் முறையிட்டுத் தேடியது தன் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறதே என்று அவர் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே கொல்லங்கோட்டுக்குப் பஸ் ஏறினார். தோளில் துண்டு இருந்தது, தாடையில் இல்லை. கமலாத்தாள் என்னவோ சொல்ல வந்து, வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டாள்.

வாசலில் பூவாத்தாள் விளையாடிக்கொண்டிருந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். இப்போதாவது கம்மலைப் பார்த்துவிடலாம் என்று அப்புசாமி குனிந்தார். இரண்டு காதும் மூளியாக இருந்தன. துளையே இல்லை. உள்ளேயிருந்து மருதாத்தாள் வந்தாள், பின்னாலேயே முத்தாத்தாளும் வந்தாள்.

"குத்தலீங்களா அம்மிணி?" என்றார் அப்புசாமி.

"பொட்டப்புள்ளைய மூளிக்காதோட வெச்சிருக்கறயேன்னு ஊரே பேசுச்சுங்கண்ணா" என்றாள் மருதாத்தாள். "பேசட்டும்னு உட்டுட்டேன். எங்கண்ணன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்தறதில்லைன்னுட்டேன். உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு அண்ணிகிட்டயும் சத்தியம் வாங்கிட்டனுங்க."

முத்தாத்தாள் கிட்டே வந்து அவர் தாடையை உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நாளைக்கே ஆசாரியை வரச்சொல்லலாம் என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அப்புசாமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூவாத்தாள் வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, காதைப் பொத்தியபடி அண்ணாந்து பார்த்தாள்.

"குத்துனா வலிக்குமுங்களா மாமா?"

"வலிக்கும் கண்ணு" என்றார் அப்புசாமி. "மாமன் கெட்டியாப் புடிச்சுக்கறேன்."