சுத்தியல் தாங்கும் மைக்

கீழே கணவனின் டிங்கர் பட்டறை, மேலே வீடு. நசுங்கிய கார்க் கதவுகளை அவன் நாள் முழுக்கத் தட்டி நிமிர்த்துவான். மேலே அவள் கணினி முன்னால் உட்கார்ந்து, ஐந்து பேர் அணியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவாள். காலடி ஓசையை வைத்தே எதிரி வரும் திசையைச் சொல்லிவிடுவதால் அணியில் அவளுக்கு ஆந்தை என்று பெயர். போன ஆட்டத்தில் ஆந்தையின் மைக் வழியே பட்டறையும் சேர்ந்து விளையாடிவிட்டது. டொங்கென்று கேட்டதும் அணியில் ஒருவன் பின்னால் குண்டு வெடிக்கிறதென்று பயந்து ஓடி, நேராக எதிரியிடமே போய் மாட்டிக்கொண்டான். தோற்றார்கள்.

ஞாயிறன்று அரையிறுதி. இன்னொரு தடவை சத்தம் வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று அணித்தலைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மட்டும் பட்டறையை மூடிவிடுகிறேன் என்றான் கணவன். விளையாட்டை மூட்டை கட்டேன் என்றாள் மாமியார். மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் பட்டறையில் வேலை குவியும். ஒருவர் பிழைப்பை நிறுத்தி இன்னொருவர் விளையாடுவதாவது! இரண்டும் நடக்கும், நடத்திக் காட்டுகிறேன் என்று நின்றாள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

மறுநாள் கணவனையும் இழுத்துக்கொண்டு மைக், ஹெட்போன் விற்கும் கடைக்குப் போனாள். அவன் கையில் சாக்குப்பை, அதற்குள் நசுங்கிய மட்கார்டும் சுத்தியலும்.

விற்பனையாளர் இருப்பதிலேயே விலை கூடிய மைக்கை மேசைமேல் நிறுத்தினார். அறையின் மூலையில் மூச்சுவிட்டால்கூடப் பதியும் என்று பெருமையடித்தார்.

“மூலையில இருக்கறது எதுவும் பதியக்கூடாதுங்க. என் குரல் மட்டும்தான் பதியணும்,” என்றவள் கணவனிடம் திரும்பினாள். “ஏங்க, அடிங்க.”

அவன் கூச்சத்தில் நெளிந்து, ஒன்று போட்டான். கடையே திரும்பிப் பார்த்தது. பதிவைக் கேட்டால் சுத்தியல்தான் பேசியது, அவள் பின்பாட்டுப் பாடினாள். அதைத் தள்ளி வைத்தாள். அடுத்ததும் தேறவில்லை, அதற்கடுத்ததும் தேறவில்லை. ஹெட்போன்களையும் விடவில்லை. வெளிப்பக்கம் துளை வைத்தவை இனிமையாகத்தான் பாடின, ஆனால் சுத்தியலையும் உள்ளே விட்டன. காதை முழுக்க மூடிக் கவ்விப் பிடிக்கிற ஒன்றில்தான், அவன் அடிக்க அடிக்க, விளையாட்டின் காலடிகள் தெளிவாகக் கேட்டன. மேலாளர் முறைத்துக்கொண்டு வந்தார். வாங்காமல் போகமாட்டேன், சோதிக்காமல் வாங்கவும்மாட்டேன் என்று சொல்லி அவரை அனுப்பினாள். கணவனோ கூச்சம் போய், மட்கார்டின் நசுங்கலை நிஜமாகவே எடுக்கத் தொடங்கியிருந்தான்.

கடைசியாக விற்பனையாளர் ஒரு மைக்கை அரைமனதோடு எடுத்தார். தள்ளியிருந்தால் ஒன்றும் பதியாது, வாயோடு ஒட்டி வைத்துத்தான் பேசவேண்டும் என்று அதைக் குறையாகச் சொன்னார். பதிவில் அவள் குரல் கணீரென்று வந்தது. சுத்தியல் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் தேய்ந்திருந்தது. அதையும் அந்தக் கவ்விப் பிடிக்கிற ஹெட்போனையும் கட்டச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசிச் சுற்றில் இருபக்கமும் சமம்.

“படிக்குக் கீழ, இடப்பக்கம், ரெண்டு பேர்,” என்றாள். அணி அங்கே சுட்டது. ஜெயித்தார்கள்.

கூச்சல் அடங்கியதும் அணித்தலைவி கேட்டாள். “என்னக்கா, ஒருவழியா வீட்டுக்காரர் பட்டறைய மூடிட்டாரா?”

அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள். கீழே தரையதிர அடி விழுந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே மைக்கை வாயருகே இழுத்தாள்.

“மூடலை. இறுதி ஆட்டத்தன்னைக்கும் மூடமாட்டார்.”