சாவிக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே

போலகம் புகழேந்திக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. அப்படிப்பட்ட மனிதரைத்தான் அந்தப் பழைய கார் படாத பாடு படுத்தியது. மார்கழிப் பனியில் அவர் சாவியைத் திருகினால் இழு இழு என்று இழுக்கும், கிளம்பாது. மனைவி மங்கையர்க்கரசி உட்கார்ந்தால் உடனே கிளம்பிவிடும்.

"அம்பகரத்தூர் காளியக் கும்பிட்டுட்டு எடுக்கறேன். நீங்களும் கும்பிட்டுத்தான் பாருங்களேன்" என்பாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கோபத்தைவிடப் பயமே அதிகம். மகள் தமிழ்மொழி பிரசவத்துக்கு வந்திருந்தாள். வலி கண்டால் மங்கை அவளைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் இருப்பாள். ஓட்ட வேண்டியது இவர்தான்.

காரைக்காலில் மெக்கானிக் செல்லையனிடம் கொண்டுபோனால் கார் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது.

"ஓடி வந்த சூட்டுல ஒண்ணும் தெரியாது சார். ராத்திரி பூரா சும்மா கெடக்கட்டும். காலைல நானே வர்றேன்."

சொன்னபடி வந்தார். பேட்டரி, பிளக், சென்சார் எல்லாம் பார்த்தார்; பழுதில்லை. பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை மாட்டினார். முள் சைபரில் கிடந்தது.

"அக்கா, நீங்க வழக்கம்போல எடுங்க."

மங்கை சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில் இருந்த காளி படத்தைப் பார்த்துக் கண்ணை மூடினாள். பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோலை ஏற்றும் பம்ப் முனகியது. முள் மெல்ல ஏறியது. கண்ணைத் திறந்து ஸ்டார்ட் செய்தாள், பிடித்துக்கொண்டது.

செல்லையன் சிரித்துவிட்டார். "பம்ப் வால்வு லீக் சார். ராத்திரியில பிரஷர் எறங்கிடுது. அக்கா கும்பிடற நேரத்துல பம்ப் ஓடி ஏத்திடுது. நீங்க அந்த நேரம் குடுக்கறதில்ல. புது பம்ப் வர்ற வரைக்கும் சாவியத் திருப்பிட்டுக் கொஞ்சம் பொறுங்க."

"பாத்தியா, காளி இல்ல, பம்ப்!" என்று புகழேந்தி துள்ளினார்.

"பம்ப் ஓடற வரைக்கும் என்னை நிறுத்தி வச்சது யாராம்?"

புது பம்ப் வருவதற்குள் வலி வந்துவிட்டது. விடியும் நேரம். பின்சீட்டில் தாயின் மடியில் தமிழ்மொழி துடித்தாள். புகழேந்தி சாவியைப் பாதி திருப்பினார். மீதியையும் திருப்பிவிடக் கை பறந்தது. அடக்கிக்கொண்டார்.

"எடுங்களேன்! என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?" மங்கை அலறினாள்.

வால்வு, பிரஷர் என்று விளக்க அது நேரமில்லை.

"இரு மங்கை, கும்பிட்டுக்கறேன்."

பின்சீட்டில் மங்கையின் அலறல் நின்றது. பம்ப் முனகி ஓய்ந்தது. சாவியை முழுதாகத் திருப்பினார்; ஒரே பிடியில் கார் உறுமியது. கியர் போடப் போனபோதுதான் கவனித்தார், இடது கை பாதிக் கும்பிடாகத் தன் நெஞ்சின்மேல் இருந்தது.