பக்கத்து நட்சத்திரம்

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தரையில் எறிந்துவிட்டு மாப்பிள்ளை விருத்தகிரியின் சட்டையைப் பிடித்தார் பூவராகவன். தங்கை ராஜாம்பாளைக் குளிப்பாட்டிய பெண்கள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. விலா முழுக்கக் கன்றியிருந்ததாம், பின்மண்டை பிளந்திருந்ததாம்.

“வழுக்கி வுழுந்துட்டான்னு போன்ல சொன்னியேடா! அடிச்சே கொன்னுட்டியேடா!”

“இல்ல மச்சான், சாமி சத்தியமா…”

விருத்தகிரி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. அடுத்து, பந்தலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி அவன் முதுகில் உடைந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். ஒருவரும் விலக்கவில்லை.

ராஜாம்பாளின் மகள் மோகனப்பிரியாவும் விலக்கவில்லை. அம்மாவின் காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா வாங்கட்டும் என்றுதான் இருந்தது.

செத்த நட்சத்திரங்களைப் பற்றிப் புனேயில் ஆராய்ச்சி செய்கிறாள் அவள். போன பொங்கலுக்கு வந்தபோது, பீங்கான் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் தீட்டிய கறையோடு ராஜாம்பாள் கேட்டாள், “அப்படி என்னாதாண்டி படிக்கிற?”

வெடித்துச் செத்த நட்சத்திரத்தில் மிஞ்சும் கரு, சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோகும். பக்கத்தில் ஜோடி ஒன்று இருந்துவிட்டால் அதன் உடம்பை உறிஞ்சியே மறுபடி எழும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும். அந்த வேகம் வந்ததும், சில சமயம், உயிர் கொடுத்த ஜோடியையே பொசுக்கித் தின்றுவிடும் என்றாள் மோகனப்பிரியா.

“பக்கத்து நட்சத்திரம் எட்டப் போயிட வேண்டியதுதான?”

“முடியாதும்மா. இழுப்பு வுடாது.”

குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்த புருஷனுக்குத் தன் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுத்தவள் ராஜாம்பாள். தெம்பு வரும்வரை அவன் பரம சாதுவாக இருந்தான். வந்ததும் பாட்டில், பாட்டிலுக்குப் பின்னால் கை.

பந்தலில் பூவராகவன் விருத்தகிரியை மல்லாக்கத் தள்ளி, வயிற்றில் மிதிக்கக் காலைத் தூக்கினார். மோகனப்பிரியா பாய்ந்து குறுக்கே விழுந்தாள்.

“மாமா! வயித்துல மிதிக்காதீங்க!”

“பெத்தவள கொன்னவன்டி! இவன்மேல பாசமா ஒனக்கு?”

“போலீசுக்கு நானே போன் பண்ணிட்டேன். அவங்க வர்றதுக்குள்ள கைய ஒடைங்க, கால ஒடைங்க. வயித்துல மட்டும் வேணாம் மாமா. அங்க அம்மா இருக்குது.”

தூக்கிய கால் மெல்லக் கீழே இறங்கியது. பூவராகவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கிழிந்த சட்டைக்குள் ஆபரேஷன் தழும்பு தெரிந்தது. அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.