இடது சக்கரத்து ஆரத்தி

பிரேக்கில் கால் வைத்தால் போதும், ஸ்டீயரிங் அன்புச்செல்வியின் கையில் குளிர்காய்ச்சல் கண்டது போல நடுங்கும். வேகத்தடைக்கு ஒரு உதறல், குறுக்கே வரும் ஆட்டுக்கு ஒரு உதறல். சென்னிமலையிலிருந்து பெருந்துறைப் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் டீச்சரம்மாவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்.

அது பழைய மாருதி கார்தான். ஆனால் அந்தத் தெருவுக்கு முதல் கார். காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டிய பாவாத்தாளுக்கு, மருமகள் கார் ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து இறங்குவதைப் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. சீட்டுக்குச் சென்னிமலைப் பெட்ஷீட்டை விரித்து, சுருக்கம் விழாமல் தினமும் நீவி விடுவாள்.

கணவன் ரவிக்குமார் லைசென்ஸ் எடுத்தது செல்விக்கு அப்புறம்தான். இருந்தாலும் புத்தி சொல்வதில் அவன்தான் சீனியர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முருகனைக் கும்பிட மலைக்கு ஓட்டிப் போய்வருவான். வாரத்தில் அவன் ஓட்டுவது அவ்வளவுதான். அந்த நேரம் செல்வி டியூசன் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

"நான் ஓட்டறப்ப உதறவே மாட்டீங்குது. நீ பிரேக்க மிதிக்கறதில்ல செல்வி, ஒதைக்கற," என்றான்.

"கார்லதானுங்க என்னமோ கோளாறு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்."

பழமொழியோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இப்படி ஓட்டினால் ஒருநாள் லாரிக்கு அடியில்தான் போய் நிற்பாய் என்று சொல்லி, காரை விற்கவும் ஆள் பிடித்துவிட்டான். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் சென்னகிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பஸ், மறுபடி படிக்கட்டில் தொங்கல். அதைக்கூடச் செல்வி பொறுத்துக்கொள்வாள். தன் காலின் மேல் தனக்கே சந்தேகம் வந்துவிட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. நிஜமாகவே ஓட்டத் தெரியாமல்தான் ஓட்டுகிறோமோ என்று ராத்திரியெல்லாம் புரண்டாள்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. காலையிலேயே காரை அப்துல் குத்தூஸின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் ஏற்கெனவே இரண்டு தடவை சரிபண்ணிக் கொடுத்தவர். இரண்டு தடவையும் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிவிட்டுப் பழையபடி உதற ஆரம்பித்துவிட்டது. அதனால் காரைக் கண்டதும் மனிதருக்கு முகம் சுருங்கியது.

"மறுக்காவுமா, டீச்சரம்மா?"

"மறுக்காவும்தானுங்க பாய். ஆளில்லாத ரோட்ல ஹேண்ட் பிரேக்க மட்டும் மெதுவா இழுத்துப் பாத்தேன். அது பின்னாடி சக்கரத்தத்தானுங்க புடிக்கும்? உதறவே இல்ல. அப்ப முன்னாடிதான் கோளாறு. இன்னிக்கு நீங்க கழட்டறப்ப நானும் கூட நின்னு பாக்கறேன்."

குத்தூஸ் முன் சக்கரம் இரண்டையும் கழற்றினார். உள்ளே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வட்டமான இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக் மிதித்தால் அதைத்தான் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்தும். ஸ்க்ரூ டிரைவர் நுனியைத் தட்டுக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, தட்டைக் கையால் சுழற்றினார். வலது பக்கம் கோணல் இல்லை. இடது பக்கம் ஓரிடத்தில் உரசியது, அடுத்த இடத்தில் விலகியது.

"போன தடவையும் எடதுதான் கோணிக்கிச்சு. லேத்துல குடுத்து மட்டம் பண்ணிப்போட்டேன். எதுக்கு இதே பக்கம் கோணுதுன்னுதான் எனக்குப் புடிபடமாட்டீங்குது."

செல்வி குனிந்தாள். கழற்றி வைத்திருந்த இடது சக்கரத்தின் உட்புறம் முழுக்கச் செக்கச்செவேலென்று கறை. வலது சக்கரத்தில் அப்படி எதுவும் இல்லை.

"இதென்னங்க, துருவா?"

குத்தூஸ் விரலால் சுரண்டி மோந்து பார்த்தார். சிரித்துவிட்டார். "மஞ்சளும் சுண்ணாம்புமுங்க! சக்கரத்துக்கு என்ன, சீர் செய்யறீங்களா?"

செல்விக்குச் சட்டென்று விளங்கியது. மலைக்குப் போன கார் திரும்பியதும் பாவாத்தாள் ஆரத்தி சுற்றுவாள். தெருக்கண் பூராவும் காரின் மேல்தான் என்பது அவள் தீர்மானம். சுற்றிய தண்ணீரைக் குண்டாவோடு சக்கரத்திலேயே கவிழ்த்துவிடுவாள். வாசலை ஒட்டி நிற்பது இடது சக்கரம்.

"காஞ்ச இரும்புல பச்சத்தண்ணி ஊத்துனா கோணத்தான் செய்யும்," என்றார் குத்தூஸ். "ஆனா மலையெறங்கி வந்தா மட்டும் அத்தன சூடு ஏறாதுங்களே. கியர்ல வந்தா எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும்."

கியரில் வந்தால்தானே? செவ்வாய்க்கிழமை மலைக்கு ஓட்டுகிறவரை நினைத்துக்கொண்டாள் செல்வி. மத்தியானத்துக்குள் டிஸ்க் லேத்துக்குப் போய் மட்டமாகித் திரும்பியது. பெருந்துறை ரோட்டில் நன்றாக வேகமெடுத்துப் பிரேக் பிடித்துப் பார்த்தாள். கார் கையெடுத்துக் கும்பிட்ட மாதிரி நின்றது.

வீட்டுக்கு வந்ததும் ரவிக்குமாரிடம் சாதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, நாளைக்குத்தான் காரு போயிருமே. இன்னிக்கு ஒருக்கா மலைக்குப் போயி முருகன்கிட்டச் சொல்லீட்டு வந்தரலாமுங்களா? நீங்களே ஓட்டுங்க."

மனைவி வழிக்கு வந்துவிட்டாள் என்று அவனுக்கு வாயெல்லாம் பல். கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, முதல் வளைவிலேயே கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான்.

"பாத்தியா? அடிவாரம் வரைக்கும் சொட்டுப் பெட்ரோல் செலவில்ல. இதெல்லாம் நுணுக்கம்."

கீழே வரும்வரை அவன் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. அடிவாரத்தில் ஏதோ தீய்கிற வாடை வந்தது. சிரிப்பை அடக்கச் செல்வி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

வாசலில் பாவாத்தாள் குண்டாவோடு தயாராக நின்றாள். கார் நின்றதும் சுற்றிவிட்டுக் கவிழ்க்கப் போனவளின் கையைச் செல்வி ஓடிவந்து பிடித்தாள்.

"அத்த, இருங்க! ஏனுங்க, நீங்களும் இங்க வாங்க."

குண்டாவில் விரலை நனைத்து, சக்கரத்தின் இடுக்கு வழியே உள்ளே ஒரு சொட்டுத் தெளித்தாள். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சொய்ங் என்றது. ரவிக்குமார் இரண்டடி பின்வாங்கினான்.

"நீங்க நியூட்ரல்ல வந்து காய வெக்கறீங்க, அத்த தண்ணிய ஊத்திக் கோண வெக்கறாங்க. பாய் ரெண்டு தடவ மட்டம் பண்ணியும் இதேதான். உங்களுக்கு உதறல் தெரியாதுங்க, நீங்க மலையில மெதுவாப் போறவரு. நான் வேகத்துல போயிப் புடிக்கறவ. கூடம் நெசமாவே கோணல்தானுங்க!"

ரவிக்குமார் தலையைச் சொறிந்தான். பாவாத்தாளுக்குத்தான் முகம் வாடிப்போயிற்று.

"ஐயோ கண்ணு, என்ற கையாலயே கெடுத்துப்போட்டனா? கண்ணு பட்ருமேன்னுதான..."

"தெரிஞ்சா செஞ்சீங்க? தண்ணியச் சக்கரத்துல ஊத்தாம முச்சந்தியில ஊத்துனாப் போதுமுங்க அத்த."

பாவாத்தாள் குண்டாவையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "நீ வண்டிக்குள்ள போயி ஒக்காரு அம்மணி," என்றாள். "அங்கில்ல, ஓட்டற சீட்டுல."

செல்வி உட்கார்ந்தாள். பாவாத்தாள் அவளுக்கு நேரே நின்று நிதானமாக மூன்று சுற்றுச் சுற்றினாள். விரலால் ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்தாள். "இத்தன நாளு இரும்புக்குச் சுத்தீட்டு இருந்திருக்கறேன். ஊரு கண்ணு பூராவும் ஓட்டறவ மேலதான," என்றாள். செல்வி ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு?" என்று ரவிக்குமார் தலையை நீட்டினான்.

"நியூட்ரல்ல வந்தவனுக்கெல்லாம் ஆலாத்தி கெடையாது. நீ போயி அந்தப் பல்லடத்துக்காரருக்குப் போனப் போட்டு, வர வேண்டாம்னு சொல்லு."

அவன் எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பினான். பழக்க தோஷத்தில் கார் சாவிக்குக் கையை நீட்டினான்.

"நடந்தே போயிட்டு வாங்க," என்றாள் செல்வி. "சொட்டுப் பெட்ரோல் செலவில்ல."