கூப்பிட ஒரு பெயர்

அருப்புக்கோட்டை ஃப்ளெக்ஸ் கடைக்காரன் மூன்றாவது முறையாகப் போன் செய்தபோது மாரிசெல்வம் ஐஸ் பெட்டியின் ஒயரைப் பந்தல் கம்பில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிக் கத்தினான்.

“யக்கா, பேத்தி பேரு என்ன போடச் சொல்ல? மிஷினை நிப்பாட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானாம்.”

“அஞ்சு நிமிசம்டா,” என்றாள் சத்யபிரியா.

“இதையேதேன் எட்டு மணிக்கும் சொன்ன. மூணு மணிக்கு எடுக்கணும். அப்பாவைத் தூக்குனதுக்கப்புறம் அந்த போர்டு வந்து என்னத்துக்கு?”

பத்துக்கு எட்டு அடி. மற்றதெல்லாம் தயாராகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் இறக்கை முளைத்த குழந்தைகள், நடுவில் அஸ்தமிக்கிற சூரியன், சூரியனுக்குள் இருளாண்டி. ரிட்டையரான அன்று மாலையோடு எடுத்த படம். கடைக்காரன் மாலையை அழித்து, அதோடு பத்து வயதையும் சேர்த்து அழித்து, உதட்டில் லேசாகச் சாயமும் பூசியிருந்தான். கீழே மனைவி, மகள், மகன், மருமகன், மருமகள், பேரன்கள் என்று வரிசை. ‘பேத்தி’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு புள்ளிகள், அதற்கப்புறம் வெற்றிடம்.

இறந்துபோனவர் இருளாண்டி என்பதால்தான் இது வேடிக்கை. முப்பத்து நாலு வருடம் தலையாரியாக இருந்தவர். பிறப்பு இறப்புக் கணக்கெடுக்கிற நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் வருவார். பிள்ளை பிறந்து ஆறு மாதமாகியும் பெயர் யோசித்துக்கொண்டிருக்கும் அப்பன்மாருக்காக அவர் காத்திருந்ததே இல்லை. சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை வாசலில் ஊன்றியபடியே தானாக ஒரு பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார். பரளச்சியிலிருந்து வீரசோழன் போகிற பஸ்ஸில் ஏறி ‘ஏலே பாண்டி’ என்று ஒரு சத்தம் கொடுத்தால், டிரைவரோடு சேர்த்துப் பதினேழு பேர் திரும்புவார்கள். அதில் பதினாறு பேர் இருளாண்டியின் உபயம். மழையே பெய்யாத ஒரு வருடம் பெயர்களும் வற்றிப்போய், ஒரே தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே பெயரை எழுதிவிட்டு, பெரியது, நடுவுலது, சின்னது என்று பிரித்துக்கொள்ளச் சொன்னாராம். ஆட்டுக்கு, மாட்டுக்கு, பம்புசெட் மோட்டாருக்குக்கூட அவர் பெயர் வைத்திருந்தார். மோட்டார் ரிப்பேரானால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்.

அப்படிப்பட்ட மனிதர் தன் ஒரே பேத்தியை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் போய்விட்டார்.

பேத்தி கொலம்பியாவில் பிறந்தவள். கனடாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கும் சத்யபிரியாவும் அவள் புருஷன் ராஜபாண்டியும் நாலு வருடம் தாள் தாளாகக் கையெழுத்துப் போட்டுத் தத்தெடுத்த பிள்ளை. தாள்களை அடுக்கினால் பிள்ளையைவிட ஒரு சாண் உயரமாக நின்றன. வயது ஐந்து. பெயர் யெசேனியா. அதே பெயரை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, புதிதாக ஒன்று வைக்கப் போகிறீர்களா என்று கடைசியாக ஒரு படிவம் கேட்டது. முதற்பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல், அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு சத்யபிரியா பிள்ளையோடு ஊருக்கு வந்திருந்தாள். ராஜபாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை.

நிரப்பாததற்குக் காரணம் அப்பாதான். விஷயத்தைப் போனில் சொன்ன அன்றே அவர், நோட்டில் எழுதிக்கொண்டே பேசுகிற பழைய குரலில் சொன்னார்.

“எங்க ஆத்தா பேரை வச்சீன்னா எம் பேத்தி. இல்லேன்னா உம் மக.”

ஆத்தாவின் பெயர் பெத்தம்மாள்.

வந்து நாலு நாள் ஆகியிருந்தது. கறுத்த நிறமும் சுருட்டை முடியுமாக இருந்த பிள்ளையைப் பார்த்து ஊர்க்காரர்கள் ஏமாந்துபோனார்கள். “வெளிநாட்டுப் பிள்ளைன்னாக. இது பரளச்சி விலக்குல பஸ்ஸேறி வந்த மாதிரியில்ல இருக்கு?” அப்பா அதுகூடச் சொல்லவில்லை. அகலக் கைப்பிடி வைத்த மர நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நாலு நாளும் ஒரே பக்கத்தைப் படித்தார். சாயங்காலம் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தால் மட்டும், பேப்பரை இறக்காமலே அதை ஒரு விரலால் கைப்பிடியின் ஓரத்துக்குத் தள்ளுவார். பிள்ளை வந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மறுபடி தள்ளுவார். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. நேற்று சாயங்காலம் மூன்றாவது முறை தள்ளிய விரல் திரும்பிப் போகவில்லை. பிள்ளைதான் முதலில் பார்த்தது. பொட்டலம் கீழே விழுந்துவிடாமல் எடுத்துக்கொண்டு போய் அம்மாச்சியின் கையில் கொடுத்தது.

அப்பாவுக்கு மூத்தவளான சண்முகவடிவு அத்தை ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்தெட்டு வயதிலும் அந்தத் தொண்டைக்கு மைக் செட் தேவைப்படவில்லை. அவள் ‘என்னப் பெத்த தம்பி’ என்று எடுத்தபோது கண்மாயின் அக்கரையில் இருந்த கொக்குகள் ஒருமுறை எழும்பி உட்கார்ந்தன. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே மூக்கைச் சிந்திவிட்டு, சாதாரணக் குரலில் கேட்டாள்.

“இதுல யோசிக்க என்னத்தா இருக்கு? பெத்தம்மான்னு போடச் சொல்லு. எந்தம்பி கட்டை வேகணும்ல?”

“பாப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு அத்தை.”

“இருந்துட்டுப் போகுது. எனக்குந்தேன் ரேசன் கார்டுல வேற எவ பேரோ இருக்கு. நான் என்ன அரிசி வாங்காமலா இருக்கேன்?”

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அடியைத் தூக்கிவிட்டாள்.

சத்யபிரியா பந்தலுக்கு வெளியே பார்த்தாள். பிள்ளை மாரிசெல்வத்தின் பையன்களோடு சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. நாற்காலிகள் அதைப்பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஐந்து வருடமாக ஒரு பெயருக்குத் திரும்பிப் பார்த்த பிள்ளை. இன்னொரு பெயருக்கும் திரும்பப் பழகிவிடும். அவளே அப்படித்தான், பிறந்தபோது எழுதிய பெயர் வேறு, இப்போது இருப்பது வேறு. ஒரு பெயரை எழுதிவிட்டால் அப்பாவுக்குப் பேத்தி ஆகிவிடுகிறாள். சொன்னதைக் கேட்டுவிட்டேன் என்று அவருக்குச் சொல்ல இனிமேல் வேறு வழியும் இல்லை.

எழுந்து நின்றாள்.

“செல்வம், பெத்தம்மாள்னே போடச் சொல்லு.”

“அந்தப் பேரு வேணாம்.”

சொன்னது யார் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில், மஞ்சள் பூசி, தலை கொள்ளாமல் பூ வைத்து உட்கார்த்தியிருந்த அம்மா மாரிக்கனி நேற்று சாயங்காலத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. அத்தை ஒப்பாரியைப் பாதியில் விட்டாள்.

“என்னத்தா மாரிக்கனி இப்பிடிச் சொல்ற? அவன் எம்புட்டு ஆசைப்பட்டான்னு தெரியும்ல?”

“தெரியும் மதினி. அவுக ஆசைய அவுக கொண்டுக்கிட்டுப் போகட்டும்.”

மாரிக்கனி யாரையும் பார்க்காமல், கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்தியபடி பேசினாள்.

“இந்த வீட்டுக்கு வந்தப்ப அவுக பேரைச் சொல்லக் கூடாதுன்னாக. மாமனாரு, மாமியா பேரைச் சொல்லக் கூடாதுன்னாக. சரி, வழக்கம். ஒரு பசுமாடு வாங்கியாந்தாக. அதுக்கும் அவுக ஆத்தா பேரு. சாயங்காலம் மாடு வரலேன்னா கண்மாக்கரையில நின்னு ‘ஏ இந்தா, ஏ இந்தா’ன்னு கத்துவேன். ஊரு மாடு பூராம் திரும்பிப் பாக்கும், எங்க மாட்டைத் தவிர.”

எவளோ ஒருத்தி சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

“அப்புறம் இவ பெறந்தா. இவளுக்கும் அதே பேரு. அஞ்சு வயசு வரைக்கும் எம் பிள்ளைய நான் ‘ஏ இந்தா’ன்னுதேன் கூப்பிட்டேன். மாட்டைக் கூப்பிட்டா இவ ஓடியாருவா. மகன் பெறந்தான், அவனுக்கு மாமனாரு பேருல பாதி. அதனால அவன் வெறும் தம்பி.”

“எம் பேரை டீச்சர்தானே மாத்துனாக?” என்றாள் சத்யபிரியா. “அப்பா அப்பிடித்தானே சொல்லுவாரு?”

“டீச்சர் எங்க மாத்துனாக? பள்ளிக்கூடத்துல பேரு கேட்டப்ப நாந்தேன் சொன்னேன். ஒருக்க திருச்சுழி பஸ்ஸுல ஒரு பொம்பள அவ மகள ‘சத்யபிரியா, சத்யபிரியா’ன்னு வாய் நெறையக் கூப்பிட்டுக்கிட்டே வந்தா. அத மனசுல வச்சிருந்தேன்.” வளையல் ஒன்று நகர்ந்தது. “மூணு மாசம் அவுக எங்கூடப் பேசல. எனக்கு அது ஒரு கொறையாவே தெரியல. உன்னையக் கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன்.”

அத்தை குரலைத் தாழ்த்தினாள். “அதேன் அவனே போயிட்டானேத்தா. இனிமே நீ எங்க ஆத்தா பேரைச் சொன்னா யாரு கேக்கப் போறா?”

“வாய் வராது மதினி.”

மாரிசெல்வத்தின் கையில் போன் மறுபடி அடித்தது.

“அப்ப என்னதேம்மா போட?”

“அதுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல? அதப் போடு.”

“அது வாயில நுழையாதேம்மா.”

“உன் வாயில நுழைய வேணாம். போர்டுல நுழைஞ்சாப் போதும்.”

எல்லாரும் சத்யபிரியாவைப் பார்த்தார்கள். பெட்டியின் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. குனிந்து ஒரு துணியால் துடைத்தாள். இல்லேன்னா உம் மக. அப்பாவின் முகம் அந்த வார்த்தையை மாற்றிச் சொல்லப்போவதாகத் தெரியவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, தம்பியின் கையிலிருந்து போனை வாங்கி, கடைக்காரனுக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

இரண்டரை மணிக்கு ஃப்ளெக்ஸ் வந்து இறங்கியது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியதும், சாவுக்கு வந்த கூட்டம் பாதி அதன் முன்னால் போய் நின்று முதலிலிருந்து கடைசி வரை படித்தது. கடைசி வரிக்கு வந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, மறுபடி வரியைப் படித்தார்கள்.

குளிப்பாட்டிப் பாடையில் வைத்தாயிற்று. சடங்கு செய்ய வந்த சங்கையா மூன்று நெய்ப்பந்தங்களைக் கொளுத்தினார். பேரன் பேத்திகள் பந்தம் பிடித்துச் சுற்றி வந்தால்தான் பாடை கிளம்பும். பையன்கள் இரண்டு பேரும் வந்து வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது பந்தம் அவர் கையிலேயே எரிந்தது.

“பேத்தி எங்கப்பா?”

“அது தத்துப் பிள்ளைல்ல?” என்று கூட்டத்தில் ஒரு குரல் இழுத்தது.

சங்கையா ஃப்ளெக்ஸைக் காட்டினார். “போர்டுல பேத்தின்னு போட்டிருக்குல்ல?”

குரல் அடங்கிவிட்டது. இந்தப் பக்கம் ஃப்ளெக்ஸில் வந்துவிட்டால் அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட்டே கிடையாது. ஆனால் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். சங்கையா வரியை ஒருமுறை பார்த்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். நெய் சொட்டியது. சத்யபிரியா கூப்பிடத்தான் நினைத்தாள். பாடையில் இருந்த முகத்தைப் பார்த்ததும் குனிந்து மாலையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

“யெசேனியா!”

பெண்களுக்கு நடுவிலிருந்து வந்தது. மாரிக்கனி உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்திருந்தாள். அவளிடம் அவ்வளவு பெரிய சத்தம் இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அத்தையே காதைப் பொத்தினாள்.

“ஏத்தா, யெசேனியா!”

அக்கரையில் கொக்குகள் எழும்பின. தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து பிள்ளை ஓடி வந்தது. சங்கையா பந்தத்தை அதன் கையில் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்று சுற்று. அது காலைப் பார்த்தபடி, பையன்கள் மிதித்த இடத்திலேயே மிதித்து நடந்தது.

பாடை கண்மாய்க்கரை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். சத்யபிரியா வாளியில் தண்ணீர் எடுத்து வாசலில் ஊற்றினாள். மாரிக்கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூவெல்லாம் எடுத்த தலை சின்னதாக இருந்தது.

“யெசேனியா.”

பிள்ளை வந்து முன்னால் நின்றது. மாரிக்கனி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நேற்றைய சேவுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனது. பத்து அடி போயிருக்காது.

“யெசேனியா.”

மறுபடி வந்தது. ஒன்றுமில்லை, போ என்று கையைக் காட்டினாள். போனது. மறுபடி கூப்பிட்டாள்.

“என்னத்துக்கும்மா சும்மா சும்மா கூப்பிடுற?” என்றாள் சத்யபிரியா.

“சும்மாதேன்.”

சத்யபிரியா அடுத்த வாளியை எடுக்கத் திரும்பினாள். பின்னால் அம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்தத் தடவை பிள்ளை வரவில்லை. பந்தலுக்கு வெளியே கிடந்த அகலக் கைப்பிடி நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. அங்கிருந்தபடியே “ம்” என்றது. பிறகு, நிமிர்ந்து பார்க்காமல், பொட்டலத்தை ஒரு விரலால் கைப்பிடியின் ஓரத்துக்குத் தள்ளியது.