தவளைக்காரரின் கை

"கொஞ்சம் வழி விடுங்க, டீச்சர் வந்திருக்காங்க" என்று யாரோ சொன்னபோது, அவள் இறந்து கிடந்த கணவரின் கால்மாட்டில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். விலங்கியல் டீச்சரின் கண்கள் வீங்கியிருந்தன. பெண்டாட்டிக்கே இன்னும் அழுகை வரவில்லை, அதற்குள் இவளுக்கு என்ன வந்தது என்று வயிறு எரிந்தது.

கணவர் அந்த டீச்சரின் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். தவளைகளை ஃபார்மலின் மருந்தில் பதப்படுத்தி, காலில் நூலால் சீட்டுக் கட்டி, ஜாடிகளில் அடுக்குவார். தெருவே அவரைத் தவளைக்காரர் என்றுதான் சொல்லும். அந்த வாடை அவளுக்கு ஆகாது. கல்யாணமான முதல் வாரமே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனவள். அன்றிலிருந்து அவருடைய வேலைச் சட்டைக்குப் பின்வாசல் ஆணிதான் இடம்.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விட்டுவிடும். அவர் வர ஆறரை ஆகும். கேட்டால், "வேலை இருந்துச்சு" என்பார். எட்டு வருடத்துக்கு முன் இந்த டீச்சர் வந்து சேர்ந்ததிலிருந்து அந்த வேலை என்னவென்று அவளாகவே முடிவுகட்டி வைத்திருந்தாள். நேற்று ஐந்தரைக்கு அவர் ஆய்வகத்தில் சரிந்து விழுந்தபோதும் பக்கத்தில் இருந்தது டீச்சர்தான்.

"இப்பத்தான் வர முடிஞ்சுதா?" என்றாள்.

"நாளைக்கு பிராக்டிகல் பரீட்சை, அக்கா. நாப்பது தவளைய நேத்தே தண்ணில ஊறப்போட்டுட்டாரு. மருந்து போக தண்ணி மாத்திக்கிட்டே இருக்கணும். அவரு இல்லல்ல, அதான் நான்..."

"நாலு மணிக்கு ஸ்கூல் விட்டாச்சு. அஞ்சரைக்கு அங்க என்ன வேலை?"

மகள், "அம்மா, சும்மா இரு" என்று அவள் தோளைப் பிடித்தாள்.

டீச்சர் தலைகுனிந்தாள். "கை கழுவிக்கிட்டு இருந்தாரு."

"ஒன்னரை மணி நேரமா?"

"தினமும் அப்படித்தான்க்கா. உங்களுக்குத் தெரியாதா? சோப்பு, எலுமிச்சம்பழத் தோலு, மறுபடியும் சோப்பு. முழங்கை வரைக்கும் தேய்ப்பாரு. அப்புறம் எங்கிட்ட கைய நீட்டி, 'வாடை வருதான்னு பாருங்க, வீட்ல ஆகாது'ம்பாரு. வருதுன்னா திரும்பக் கழுவுவாரு. நேத்து அவரு விழுந்தப்பறமும் குழாய் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

அவள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எட்டு வருடம் தினமும் இவள் அந்தக் கையை மோந்திருக்கிறாள் என்பதுதான் நெஞ்சில் தைத்தது. அவளுக்காகக் கழுவிய கை.

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வரும்போதும் நாறுச்சு?"

டீச்சர் தன் விரல்களை மோந்து பார்த்தாள். "எனக்கு மூக்கு பழகிப்போச்சுக்கா. பாதி நாள் ஒண்ணுமே தெரியாது. போயிடுச்சுன்னு சொல்லிருவேன். சந்தோஷமா கெளம்புவாரு."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் ஒரு கணம் நின்று அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர் பின்வாசலுக்குப் போய்விடுவார்.

அவள் எழுந்து தலைமாட்டுக்குப் போனாள். டீச்சருக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து, போர்வைக்குள்ளிருந்து அவருடைய வலது கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். நகக்கண்களில் அது இன்னும் இருந்தது.

"வரல" என்று அவரிடம் மெதுவாகச் சொன்னாள். கையைக் கீழே வைக்கவில்லை.