பிச்சாவரத்து நாளின் சாவி

எங்கள் ஊரில், இருவர் சேர்ந்து கழித்த நாளுக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அது பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நாள் காப்பகத்தில் இருக்கும். சும்மா பார்ப்பதென்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். திருத்துவதென்றால் நாளைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும். முடியும்வரை வேறு யாரும் பார்க்கக்கூட முடியாது. பாதி திருத்திய நாளைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று பேசி அடிதடியான காலம் உண்டு.

என் மனைவி யாமினி, கல்யாணத்துக்கு முன் சேதுமாணிக்கத்தோடு பிச்சாவரத்தில் படகில் போன நாளைத் திங்கட்கிழமை பூட்டினாள். வியாழன்வரை சாவியை இடுப்பிலேயே செருகியிருந்தாள்.

"என்னத்தைத் திருத்துறே?"

"முடிஞ்சதும் பாருங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கல்யாண நாளைப் போய்ப் பூட்டினேன். அன்று சேதுமாணிக்கமும் பந்தியில் சாப்பிட்டதாக யாமினி எப்போதோ சொல்லியிருந்தாள். அவரை அழிக்க வேண்டும். ஆனால் முகம் தெரியாது. படகைப் பார்த்தால்தான் தெரியும். யாமினிக்கோ கல்யாண நாளிலிருந்து ஏதோ எடுக்க வேண்டியிருந்தது. காப்பகத்துப் பெஞ்சில் ஆளுக்கொரு சாவியோடு இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"இப்படியே உட்கார்ந்தா உங்களுக்கு நரைச்சிடும்," என்றார் எழுத்தர் தில்ஷாத். "பின்னால பூட்டினவர் விடணும் சார். அதுதான் சட்டம்."

என் சாவியை வாங்கிக்கொண்டார். சந்தேகத்தில் நான் அழித்திருந்த மூன்று மீசைக்காரர்கள் மறுபடி இலைக்கு முன் வந்து உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் யாமினி தன் நாளைத் திறந்துவிட்டாள். படகில் சேதுமாணிக்கம் இல்லை. கல்யாணப் பட்டு வேட்டியோடு நான் இருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. படகில் இருந்தவனை எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சேதுமாணிக்கம் என்று பேரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். மீசையே இல்லை.

"சார், எனக்கு ஒரு நாள் குறையுது. உங்ககிட்ட வேண்டாத நாள் ஏதாவது இருக்கா?"

யோசித்து, கடைவாய்ப் பல்வலியில் நான் புரண்ட ஒரு நாளை எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் கன்னத்தைப் பிடித்தபடி நன்றி சொல்ல வந்தார். வாயில் கிராம்பு வாசனை.

"நாள் பூரா பக்கத்தைவிட்டு நகரலை சார், யாமினி," என்றார்.

உள்ளே வரச்சொல்லி மோர் கொடுத்தேன்.